சேதத்தின் தேதி

மன்னார்குடி. உரக்கடைக்கு மேல்மாடி.
விடியற்காலை நாலு மணிக்குப் படங்கள் வந்து இறங்கும்,
செயற்கைக்கோள் கடந்துபோன ஓர் ஊரின் கூரைகள்.
பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று
ஒப்பந்தத்தில் ஆறாவது பத்தி.
ஆற்றங்கரை ஊர் என்று மட்டும் சொல்லலாம்;
அதற்கு யாரும் வழக்குப் போட முடியாது.

எட்டு வருஷம் பயிர்க்காப்பீட்டுக்குச் சேதம் பார்த்தவன் நான்.
மேலிருந்து பார்த்தால்
நிற்கிற சம்பாவும் சாய்ந்த சம்பாவும்
ஏறக்குறைய ஒரே பச்சை.
நிழல்தான் காட்டிக்கொடுக்கும்.
நிற்பதற்கு நிழல் உண்டு.

முப்பத்திமூன்று விழுக்காட்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது,
காசு வராது என்று சொன்னதற்கு
வடுவூர் ரெத்தினாம்பாள்
வயலில் ஒரு பிடி சேற்றை அள்ளி
என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.
பேனா இரண்டு நாள் எழுதவில்லை.

அந்த அனுபவத்தில்தான் இந்த வேலை.
அருங்காட்சியகங்கள் நாற்பத்தொன்று,
கோபுரமோ குவிமாடமோ உள்ளவை இருநூற்றுப் பதின்மூன்று.
வாரம் இருமுறை நிழலை அளக்க வேண்டும்.
சேதமில்லை, இருக்கலாம், உறுதி:
மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை
பதினேழாம் எண்ணின் வடக்குப் பகுதி
நிழலில்லாமல் கிடந்தது.
அங்கே வானத்தில் துண்டு மேகமில்லை.
இங்கே ஐப்பசி அடைமழை, மின்சாரம் போய்
யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது,
ஹரித்ராநதி படிக்கட்டு பாதி முங்கியிருந்தது.
உறுதி.

மேலிருந்து தெரியாததை
அங்கிருந்து ஒருவர் அனுப்புவார்.
காவலாளியோ, காப்பாளரோ.
அளவுக்குப் பக்கத்தில் அடிக்கோல் வையுங்கள் என்றோம்.
அவரிடம் இருந்தது ஒரு தேநீர்க் கரண்டி.
விரிசலில் கரண்டி.
மூக்கு போன சிலையின் மடியில் கரண்டி.
கதவு இருந்த இடத்தில், தூரத்தில், சிறுத்துப்போய்க் கரண்டி.
அதன் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர்;
ஒரு கட்டிடம் முழுவதையும்
அதிலிருந்துதான் கணக்கிட்டேன்.

நேற்று வந்தது தாழி.
பொருட்பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
'கோதுமை. கரிந்தது.
படையெடுப்பில் எரிந்த களஞ்சியத்திலிருந்து.
சுமார் மூவாயிரம் ஆண்டு.'

எரிந்ததால் மட்காமல் கிடைத்த தானியம்.
எரியாமல் இருந்திருந்தால்
அந்த வருஷமே அரைத்துத் தின்றிருப்பார்கள்,
பதிவேட்டில் ஏறியிருக்காது.
இப்போது தாழி உடைந்து
பழங்கரியும் கூரையின் புதுக்கரியும்
ஒரே தரையில்.
நடுவில் கரண்டி.

படிவம் கேட்கிறது: சேதமான தேதி.
எட்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
எந்தக் கரிக்கு எந்தத் தேதி என்று
மழை விட்டபின்னும் உட்கார்ந்திருந்தேன்.
அடுத்த கட்டம், காரணம்.
'போர்' என்று அடித்தேன்.
பழைய வேலையின் பழக்கத்தில் கணினி
'வைக்கோல்போர் தீ' என்று தானே நிரப்பியது.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
மறுபடி வைக்கோல்.

கீழே கடைக்காரர் தணிகாசலம்
ஷட்டரைத் தூக்கி
நனைந்த யூரியா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொன்றையும் காலால் உதைத்து.
அவருக்கு மூன்று கட்டமெல்லாம் கிடையாது.
போச்சு, போகலை.

இன்று காலை ஒரே ஒரு படம்.
சிமெண்ட் தரையில் கரண்டி மட்டும்.
பக்கத்தில் அளக்க எதுவுமில்லை.
எண்ணுமில்லை, குறிப்புமில்லை.
இனி அளக்க ஒன்றுமில்லை என்கிறாரா,
இல்லை கை தவறிப் பொத்தான் அழுந்தியதா.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில், தரைமேல்,
ஒரு தலையும் தோளும் நிழலாக.
காலை வெயிலாக இருக்க வேண்டும்;
இரண்டரைக் கரண்டி நீளம்
சட்டத்துக்குள்ளேயே, மீதி வெளியே.

படிவத்தில் இதற்கு வரிசை இல்லை.
பதினேழாம் எண்ணுக்குக் கீழே
புதிதாக ஒன்று சேர்த்து
'இருக்கலாம்' என்பதைத் தொட்டேன்.